மூன்றாம் பங்கரில் நீல ஒட்டுகள்

என் அருமை மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று பதறிவிடாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்ட உடனே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்துவிட்டு, தீர்ப்புச் சொல்லப் போகிறவர் மாதிரி எதிரே உட்கார்ந்துகொள்கிறார். நான் போனைத் தனியாக எடுத்துக்கொண்டு போனால், "அம்மாவுக்கும் பொண்ணுக்கும் அப்படி என்ன ரகசியம்" என்று பின்னாலேயே வருகிறார். நான் சொல்லப் போவதோ அவரைப் பற்றி, அதிலும் நீ அனுப்பிய கைத்தடியைப் பற்றி. "பொண்ணு காதுக்கு மட்டும் இது போகக் கூடாது" என்று வேறு எனக்கு உத்தரவு. காதுக்குத்தானே போகக் கூடாது என்று கண்ணுக்கு எழுதுகிறேன். அவர் களத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார், குரல் இங்கே தார்ப்பாய்க் கொட்டகைவரை கேட்கிறது, அது கேட்கிறவரைக்கும் நான் நிம்மதியாக எழுதலாம்.

நீ கல்யாணமாகிப் போனபோது இந்தக் களத்தில் வரிசையாக நிற்கும் தானியக் கோபுரங்கள் மட்டும்தான் இருந்தன. இப்போது அவை போதவில்லை. இந்த வருஷக் கோதுமை விளைச்சலைச் சொன்னால் நம்ப மாட்டாய், எந்த வயலைப் பார்த்தாலும் கதிர் தலையைத் தூக்க முடியாமல் தொங்கிக் கிடந்தது. கோபுரங்கள் கழுத்துவரை நிரம்பிவிட்டன, லாரிகள் கேட்டுக்கு வெளியே சாலை வளைவு தாண்டி நின்றன, உன் தம்பி லாரிக்குள்ளேயே சாப்பிட்டு லாரிக்குள்ளேயே தூங்கி வீட்டுக்கு வந்த அன்று எதிர்வீட்டு நாய் அவனை அடையாளம் தெரியாமல் குரைத்தது. அதனால் சில வருஷமாகச் செய்கிற மாதிரி இந்த வருஷமும் திறந்த வெளியில் பங்கர் போட்டார்கள். பங்கர் என்றதும் பயப்படாதே, சண்டையும் இல்லை குண்டும் இல்லை. தரையைச் சமப்படுத்தித் தடித்த விரிப்பை விரித்து, இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்துக்கு இரும்புத் தகட்டுச் சுவர் நிறுத்தி, நடுவில் கன்வேயர் என்கிற ஓடும் பட்டையை வைத்துக் கோதுமையை மலையாகக் கொட்டுவார்கள். நம் தெருவை அப்படியே தூக்கி உள்ளே வைக்கலாம், அவ்வளவு நீளம். மேலே வெள்ளைத் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்தைக் கீழ் விரிப்போடு சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் மண்ணைப் போட்டு அழுத்திவிட்டால் காற்றுகூட உள்ளே போகக் கூடாது. பிறகு மருந்துப் புகை விட்டு வண்டையும் அந்துப்பூச்சியையும் ஒழித்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார்கள். தார்ப்பாயில் ஓட்டை விழாதவரை மழையும் வெயிலும் ஒன்றும் செய்ய முடியாது. விழுந்தால் மருந்து வெளியே போகும், மழை உள்ளே வரும், அந்த இடத்துக் கோதுமை முளைவிட்டுக் கட்டிதட்டி நாறிவிடும். விழுகிற ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைப்பதுதான் உன் அம்மாவின் உத்தியோகம். வீட்டில் உன் அப்பாவின் சட்டைக்கு, இங்கே கோதுமைக்கு.

உன் அப்பாவுக்கு இங்கே பெயர் ரசமட்டம். கொத்தனார் வைத்திருப்பாரே, கண்ணாடிக்குள் குமிழி ஓடுகிற அந்தப் பலகை, அது அவர் கண்ணிலேயே இருக்கிறது என்கிறார்கள். குவியலின் முகடு கத்தி முனைபோல ஒரே சீராகப் போக வேண்டும், நடுவில் ஒரு கை அளவு பள்ளம் இருந்தாலும் அங்கே மழைத் தண்ணீர் தேங்கித் தார்ப்பாயை அழுத்திக் கிழித்துவிடும். அதைப் பார்த்துச் சொல்ல ஆயிரம் கருவி வந்தும் உன் அப்பா மேலே ஏறி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் தலையாட்டினால்தான் மருந்துக்காரர் மருந்தை எடுப்பார். இந்த மருந்துக்காரர் நல்ல மனுஷர், மீசைமேல் கொள்ளை ஆசை, ஆனால் முகமூடி முகத்தோடு ஒட்டாது என்று தினமும் மழுமழுவென்று சிரைத்துக்கொண்டு வர வேண்டிய தலையெழுத்து.

தார்ப்பாய்மேல் யாரும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு ஏறக் கூடாது, அடியில் ஒரு பொடிக்கல் ஒட்டியிருந்தாலும் பொத்துவிடும். சாக்ஸ் மட்டும்தான். இந்தச் சட்டத்தை உன் அப்பா காப்பாற்றுகிற அழகைப் பார்க்க வேண்டுமே, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொருத்தர் காலாகப் பார்ப்பார். பெல்ட் பக்கிளைக் கழற்று, பையிலிருக்கும் சாவியை வை, காதில் தொங்குவதை எடு என்று எல்லோரையும் படுத்தியெடுப்பார். போன வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியையே ஷூவைக் கழற்ற வைத்து, அவர் சாக்ஸிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்ததும் "நகம் வெட்டிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அதிகாரிக்கு அன்றிலிருந்து இவரைக் கண்டால் ஆகாது. களத்தில் சாக்ஸ் பஞ்சம் வந்தபோது உன் பழைய பள்ளிக்கூடக் கால்பந்து சாக்ஸ்கூடப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது, முழங்கால்வரை வரும் அந்தச் சிவப்புக் கோடு போட்டது. அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அவரே போட்டுக்கொள்கிறார்.

இப்போது கைத்தடிக்கு வருகிறேன். முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இவர் நடந்த கூத்தை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் "நான் என்ன கைக்குழந்தையா" என்பார். ஆஸ்பத்திரி நர்ஸ் தாங்கிப் பிடிக்க வந்தபோது அந்தப் பெண்ணிடமே எகிறியிருக்கிறார். உன் தம்பி பின்னால் கையை விரித்துக்கொண்டு நடந்தால் திரும்பிப் பார்த்து முறைப்பார். தடி வாங்கிக் கொடுத்தால் கதவிடுக்கில் செருகிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். நீ அனுப்பியது வந்த அன்றுதான் அதிசயம் நடந்தது. பெட்டியைப் பிரித்தார், தேய்த்துப் பார்த்தார், தெருக்கோடி டீக்கடைவரை போய் வந்தார், கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் "பொண்ணு அனுப்பினது" என்றார். உங்கள் ஊர்ப் பனியில் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு இரும்பு முனை மடக்கி வைத்திருக்கிறதே, பனியில் மட்டும் திறக்க வேண்டும் என்று நீ காகிதத்தில் எழுதியிருந்தாய். அவர் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல இரும்பை மடக்கி வைப்பானேன் என்று முதல் நாளே திறந்து வைத்தவர்தான், பிறகு மூடவே இல்லை. டீக்கடைத் தரையில் டொக்கு டொக்கென்று சத்தம் வந்தால் ரசமட்டம் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது பங்கர்தான் இந்த வருஷம் கடைசி. அதை மூடுகிற அன்று காலையிலிருந்தே மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. தார்ப்பாயை இழுக்க ஆள் போதாமல் எடைமேடைக்காரர், சமையல்கட்டுப் பெண்கள், உன் தம்பி என்று எல்லோரும் கயிற்றைப் பிடித்தோம். மூடி முடித்து எல்லோரும் சாப்பிடப் போனபோது உன் அப்பா மட்டும் வரவில்லை. முகட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, ஒருத்தரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஏறியிருக்கிறார். ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுத்தான், சாவியை எடுத்து ஷூவுக்குள் போட்டுவிட்டுத்தான், உன் சிவப்புக் கோடு சாக்ஸோடுதான் ஏறியிருக்கிறார். எல்லாம் சட்டப்படி. அன்று சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே, "உன் பொண்ணு அனுப்பின தடி சரிவுல என்னமாப் பிடிக்குது தெரியுமா, தார்ப்பாயே நம்மள இழுத்து மேல விட்ட மாதிரி இருக்கு" என்று பெருமையடித்தார். நானும் மண்டு மாதிரி, நல்லதாகப் போயிற்று என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். இத்தனை வருஷம் ஓட்டை அடைத்த எனக்கு அந்த நேரம் ஒன்றும் உறைக்கவில்லை பார்.

மறுநாள் அவரை முட்டிப் பரிசோதனைக்கு உன் தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இங்கே சோதனை தொடங்கியது. ஒரு பெரிய மின்விசிறியை வைத்து உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சுவார்கள், தார்ப்பாய் கோதுமையோடு ஒட்டிக்கொண்டு இறுகிவிடும், விசிறியை நிறுத்திய பிறகும் அந்த இறுக்கம் நின்றால் ஓட்டை இல்லை என்று அர்த்தம். நிற்கவில்லை. காற்றழுத்தம் காட்டும் முள் சரசரவென்று இறங்கி, தார்ப்பாய் தொளதொளத்துவிட்டது. மறுபடி உறிஞ்சினோம், மறுபடி இறங்கியது. எங்கள் மேலாளர் பெண், உன் வயதுதான் இருக்கும், முகமே வெளுத்துவிட்டது. இந்தக் குவியலில் இருப்பது ஊரில் பாதிப் பேருடைய கோதுமை. ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தார்ப்பாயை முழுதாக இழுத்துவிட்டு வேறு போட வேண்டும், மேற்கே வானம் இருந்த இருப்புக்கு அதைத் திறந்து போட யாருக்குத் தைரியம் வரும். போதாததற்குப் பெருவிரல் அதிகாரி வேறு போனில் கூப்பிட்டு, யாருடைய கவனக்குறைவு என்று தெரிந்தால் அந்த ஆள் இனிமேல் களத்துப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நானும் மருந்துக்காரரும் மேலே ஏறினோம். விசிறி உறிஞ்சும்போது மெல்லிய டிஷ்யூ காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தார்ப்பாய்மேல் விட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தையல் ஓரமெல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. பிறகு நடுச்சரிவில் விட்ட ஒரு துண்டு படக்கென்று ஒட்டியது. அதற்கு ஒரு எட்டு மேலே இன்னொன்று ஒட்டியது. அதற்கும் மேலே இன்னொன்று. குனிந்து பார்த்தால் ஊசி நுழைகிற மாதிரி சின்னச் சின்ன ஓட்டை, ஒன்றின் பின் ஒன்றாக முகட்டைப் பார்த்து ஏறிக்கொண்டே போகிறது. பாதி வழியில் ஓரிடத்தில் மட்டும் ஐந்தாறு ஓட்டை கும்பலாக, மூச்சு வாங்க நின்ற இடம் மாதிரி. எனக்குச் சட்டென்று முந்தின சாயங்காலம் அவர் சொன்னது காதில் கேட்டது, தார்ப்பாயே நம்மள இழுத்து மேல விட்ட மாதிரி. அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஊர்க்காலையெல்லாம் சோதிக்கிற மனுஷனுக்குத் தன் மூன்றாவது கால் ஞாபகத்துக்கு வரவில்லையே.

என்ன யோசித்தேன் என்று கேட்காதே, வாய் முந்திக்கொண்டது. "ஏதோ பறவை நடந்திருக்கும் தம்பி, நகம் பட்டிருக்கும்" என்றேன். மருந்துக்காரர் அந்த வரிசையை மேலேயும் கீழேயும் பார்த்தார், மீசை இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். "ஒத்தக்கால் பறவையா அக்கா? அதுவும் நல்ல கனமான பறவை" என்றார். பிறகு "சரி, பறவைன்னே வெச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒட்டுத் துண்டுகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் வாயைத் திறக்கவில்லை, அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். வெள்ளைத் துணிச்சுருள் முதல் இரண்டு பங்கருக்கே தீர்ந்துபோயிருந்தது, இருந்தது நீலம்தான். நீலமோ கறுப்போ காற்று போகாமல் இருந்தால் சரி என்று வட்ட வட்டமாக வெட்டி, சூடான காற்றை ஊதுகிற துப்பாக்கியால் இளக்கி, ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டினேன். முட்டி போட்டு முட்டி போட்டு என் முட்டியும் ஆபரேஷனுக்கு வந்துவிடும் போலிருந்தது. என் கவலையெல்லாம் ஒன்றுதான். அவர் கால் வலிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை, இறங்கி வா, இனி உன் கண் தேவையில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆவார் என்றுதான் பயம். வீட்டில் உட்கார்ந்தால் அவர் என்னைத்தான் ரசமட்டம் பார்ப்பார், அந்தக் கஷ்டம் தனி.

அடுத்த நாள் காலை மறுபடி சோதனை. உன் அப்பாவும் வந்துவிட்டார், டொக்கு டொக்கு. பறவை விஷயம் என்றுதான் அவரிடமும் சொல்லியிருந்தேன், "வலை போட்டு விரட்டணும்" என்று பறவைகளைக் கண்டபடி திட்டிக்கொண்டே வந்தார். விசிறியைப் போட்டார்கள், தார்ப்பாய் இறுகியது, நிறுத்தினார்கள், முள் நின்ற இடத்திலேயே நின்றது. கன்வேயர் ஓட்டுகிறவர் விசிலடித்தார், எடைமேடைக்காரர் தொப்பியைத் தூக்கிப் போட்டார். நான் மட்டும் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் வழக்கம்போலச் சற்றுத் தள்ளிப் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு குவியலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது நான் செய்து வைத்திருக்கிற காரியம். இறுகிப்போன வெள்ளைச் சரிவில் நீலப் பொட்டு நீலப் பொட்டாக, கீழே அவர் ஷூ கழற்றுகிற மணல்மூட்டையிலிருந்து புறப்பட்டு, நடுவில் ஓரிடத்தில் கூட்டமாக நின்று, முகடுவரை ஏறி, முகட்டில் அவர் எப்போதும் நிற்கிற இடத்தில் முடிந்திருந்தது. மறைக்கப் போன நானே கோலம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

மூடிய கண்ணைத் திறந்தார். மறுபடி பார்த்தார். பிறகு தடியைத் தலைகீழாகத் திருப்பி முனையைப் பார்த்தார், அந்த இரும்பு மடங்குகிற இடுக்கில் தார்ப்பாயின் வெள்ளை நூல் ஒரு பிசிறு சிக்கியிருந்தது. அதை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் நேராக மேலாளர் அறையைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன், "இருங்க, இருங்க" என்று. அவர் எந்தக் காலத்தில் இருந்தார்.

மேலாளர் அறை உனக்குத் தெரியுமே, கோபுரத்தடியில் அந்தக் கண்ணாடி ஜன்னல் அறை, உள்ளே நுழைந்தால் எதிலும் ஒரு விரல் கோதுமைத் தூசி. அந்தப் பெண் தேநீரைக் கையில் எடுத்து அப்போதுதான் முதல் வாய் குடிக்கப் போனாள். உன் அப்பா களத்துச் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "மேடம், அது பறவை இல்ல. நான்தான். ஊரையே சாக்ஸ் போட வெச்சுட்டு நான் கடப்பாறையோட ஏறியிருக்கேன். மேல சொல்லிடுங்க" என்றார். குரல் நடுங்கவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது, உனக்கும் அப்படித்தான் சிவக்கும். அந்தப் பெண் தேநீரைக் குடித்தாள். "எனக்கு நேத்தே தெரியும் ஐயா, முந்தாநாள் நீங்க ஏறினத இந்த ஜன்னல் வழியா நானே பார்த்தேன், தடி எனக்கும் தோணல. அப்ப ரெண்டு பேர் மேலயும்தான் சொல்லணும்" என்றாள். பெருவிரல் அதிகாரியிடம் ஏற்கெனவே பேசிவிட்டாளாம், ஓட்டை அடைத்தாயிற்று, களத்தில் இனி தடிக்கும் தடை என்று ஒரு விதி சேர்த்தாயிற்று, முகட்டைப் பார்க்க வேறு ஆள் இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் இவர்தான் என்று சொல்லியிருக்கிறாள். அனுப்ப அவரிடம் யார் இருக்கிறார்கள். சாவிக்கொத்தை இவர் பக்கமே தள்ளிவிட்டு, "மழைக்கு முன்னாடி மருந்து விடணும், நீங்க முகட்டைப் பார்த்துட்டு வாங்க. தடி இங்கயே இருக்கட்டும். யாரையாவது பிடிச்சுக்கிட்டு ஏறுங்க, இல்லன்னா ஏற வேண்டாம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால்கூட இவர் அப்படித் திகைத்திருக்க மாட்டார்.

பங்கரடிக்கு வந்து மணல்மூட்டைமேல் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார், சாவியை உள்ளே போட்டார், பெல்ட்டைக் கழற்றினார், ஒரு காரியத்தையும் அவசரப்படாமல் செய்தார். களத்து ஆட்கள் மொத்தமும் வேடிக்கை பார்க்காத மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கன்வேயர்காரர் "வாங்கய்யா" என்று கையை நீட்டினார், எடைமேடைக்காரர் நீட்டினார், மருந்துக்காரர் முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நீட்டினார். உன் அப்பா எல்லாக் கையையும் பார்த்தார், எதையும் பிடிக்கவில்லை. சரி, இன்று மருந்து விட்ட மாதிரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் என் பக்கம் திரும்பி, எரிச்சல் மாதிரி, "நீ என்ன மரம் மாதிரி நிக்கிற, தோளைக் கொடு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் கையைக்கூடப் பிடிக்காத மனுஷன். செருப்பை உதறிவிட்டுச் சாக்ஸோடு போய் நின்றேன். கை வந்து தோளில் விழுந்தது, கொஞ்சம் கனம்தான்.

இரண்டு பேரும் அந்த நீலப் பொட்டுகளை ஒட்டியே ஏறினோம், அதுதான் அவருக்கு வழக்கமான பாதை. ஓட்டைகள் கும்பலாக இருந்த இடம் வந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்கும்தான், நின்றோம். குனிந்து என் ஒட்டுகளைப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று ஒரு நப்பாசை. "இந்த ஒண்ணு வட்டமாவே இல்ல" என்றார். முகட்டில் ஏறி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், தூரத்து முனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மருந்துக்காரருக்கும் தெரியவில்லை, போய்க் கையை வைத்துப் பார்த்தால் இருக்கிறது. பிறகு எல்லோரும் சாக்ஸோடு ஏறி அந்த இடத்துக்கு இரண்டு பக்கத்து மேட்டையும் மிதித்து மிதித்து உள்ளே இருந்த கோதுமையைப் பள்ளத்துக்கு இறக்கினோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லச் சொல்ல, கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரி ஒரே சிரிப்பு. இறங்கிய பிறகு இன்னொரு தடவை காற்றை உறிஞ்சிப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. அன்றே மருந்து விட்டு, சுற்றிலும் அபாயப் பலகை நட்டு, யாரும் கிட்டே போகாமல் கயிறு கட்டியாயிற்று.

மழை நேற்றுதான் வந்தது, வந்தாலும் வந்தது, சாக்கடையெல்லாம் பொங்கிவிட்டது. நானும் அவரும் இந்தக் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று பங்கரிலும் தண்ணீர் முகட்டில் விழுந்து இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது, எங்கேயும் ஒரு சொட்டுத் தங்கவில்லை. அவர் டீயை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். உள்ளே அத்தனை கோதுமையும் நனையாமல் இருக்கிறது என்று நினைக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

நீ ஒவ்வொரு போனிலும் அப்பா வேலையை விட்டால் என்ன என்று கேட்கிறாய். கேட்கிறதில் தப்பில்லை, நீ கேட்காமல் யார் கேட்பார்கள். ஆனால் இந்த விஷயத்தை ஆயுதமாக எடுத்துக்கொண்டு அவரோடு சண்டைக்கு வராதே. அடுத்த விளைச்சல்வரை பார்க்கலாம் என்று எனக்குள் முடிவு செய்திருக்கிறேன், முட்டி சொல்கிறபடி. தடியை அனுப்பியது நான்தானே என்று நீயும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, அது இல்லாவிட்டால் அவர் டீக்கடைவரைகூடப் போயிருக்க மாட்டார். மற்றபடி, உன் தம்பி மேல்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு பல் முளைக்காத குழந்தை மாதிரி கஞ்சி குடிக்கிறான். துணி துவைக்கும் இயந்திரம் சரியாகிவிட்டது, அதன் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது வேறொன்றும் இல்லை, கோதுமைதான், எங்கள் பைகளிலிருந்து போனது. பேரனுக்கு இருமல் விட்டதா, தலையை நனைத்தால் உடனே துவட்டிவிடு, ஈரத்தோடு வெளியே விடாதே. நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார், அவரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். சாப்பிட்டுவிட்டு ஓடு. பனியில் நடக்கும்போது கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்காதே, வழுக்கினால் ஊன்றக் கை வேண்டும். யாராவது கை கொடுத்தால் பிடித்துக்கொள், அந்த விஷயத்தில் மட்டும் உன் அப்பா மாதிரி இருக்காதே.

இன்னொன்று. அடுத்த முறை போனில் அவரிடம், தடி எப்படி இருக்கிறது என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேள். நல்லாப் பிடிக்குது என்பார். சரிப்பா என்று சொல்லிவிடு, சிரித்துவிடாதே, சிரித்தால் நான் தொலைந்தேன். அந்த இரும்பு முனையை அவரே மடக்கிக் கயிறு வைத்துக் கட்டிவிட்டார். வீட்டுக்கும் டீக்கடைக்கும் அதுதான் துணை, பங்கருக்கு மட்டும் கொண்டு வருவதில்லை. காலையில் கதவுக்குப் பின்னால் அதைச் சாத்திவிட்டு, வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார். நான் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

திட்டுகிற சத்தம் நின்றுவிட்டது, இந்தப் பக்கம்தான் வருகிறார் என்று நினைக்கிறேன், ஒட்டுத் துணிக்கு அடியில் இதை மறைக்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், வயிறும் மனசும் நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். படித்ததும் இதைப் பத்திரமாக எடுத்து வை, அவர் உன் வீட்டுக்கு வருகிற அன்று மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா